தொட்டால் சொல்லுங்கள்

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள் டாக்டரம்மா, மூடிக்கொண்டேன். மூடுவதற்கு முன்னால் கடைசியாகப் பார்த்தது என் இரண்டு பாதங்களைத்தான். உயரமான சாய்வு நாற்காலி, காலை நீட்டி வைக்க ஒரு பலகை, பலகையின் முனையில் மூன்று வாரமாக நான் ஏறிட்டுப் பார்க்கப் பயந்த பாதங்கள், அவற்றுக்கு நேர் எதிரே ஸ்டூலில் ஜெசிந்தா டாக்டர். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். யார் பெற்ற பிள்ளையோ, என் குதிகாலை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முதலில் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "நீங்க போயி என் காலத் தொட்டுக்கிட்டு" என்று நெளிந்தேன். "கால் டாக்டர் காலத் தொடாம வேற எதத் தொடறதாம்?" என்று சிரித்தாள். அதுவும் நியாயம்தான். பல் டாக்டர் முன்னால் வாயைத் திறக்க வெட்கப்பட்டால் நடக்குமா? இருந்தாலும் கூச்சம் போகவில்லை. காலையில் வரும்போதே இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன், கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி. வாசல் நாற்காலியில் பொற்கொடி உட்கார்ந்திருக்கிறாள். நீயும் உள்ளே வா என்று கூப்பிட்டதற்கு என் பெண்டாட்டி வரமாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்கும் பயம்தான், சொல்லமாட்டாள். "ஐயா, இது சின்ன நைலான் இழை. ஊசி கிடையாது, குத்தாது. பாதத்துல ஒவ்வொரு எடமா வச்சு எடுப்பேன். பட்டுச்சுன்னா ஆமான்னு சொல்லுங்க. படலன்னா பேசாம இருங்க, அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானாம். அவளுக்கு அவ்வளவுதான். எனக்கு அந்த இழை ஒவ்வொரு தடவையும் படுகிறதா இல்லையா என்பதில்தான் இந்தக் கால் என்னோடு இருக்குமா, இல்லை அண்ணன் கால் போன வழியில் போகுமா என்பது இருக்கிறது.

ஆமா. கட்டைவிரல் நுனியில் ஏதோ பட்டது, எறும்பு ஒன்று நின்று யோசித்துவிட்டுப் போனது மாதிரி. ஆமா. இது சுண்டுவிரல் பக்கம். கண்ணை மூடிக்கொண்டால் பாதம் இவ்வளவு பெரிதாகிவிடும் என்று எனக்குத் தெரியாது, ஒரு மைதானம் மாதிரி கிடக்கிறது, எங்கிருந்து வருவாள் என்று காவல் காத்துக்கொண்டு நிற்கிறேன். முப்பத்தியொரு வருஷமாக நின்றே பழகியவன். மாசி வீதிக் கடையில் பட்டுப் பிரிவு. கீழ்த்தளத்தில் சுடிதார், சட்டைத் துணி விற்கிற பையன்களெல்லாம் செருப்புப் போட்டுக்கொள்ளலாம், பட்டு மாடியில் மட்டும் கூடாது. மணப்பெண்ணுக்கு எடுக்கிற கூறைப்புடவையை விரிக்கிற இடம், அங்கே செருப்புக்கால் படலாமா என்பார் முதலாளி. வாங்க வருகிறவர்களே படிக்குக் கீழே கழற்றிவிட்டுத்தான் மேலே வருவார்கள். அவர்கள் ஒரு மணி நேரம் வெறுங்காலோடு மெத்தையில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் காலை ஒன்பதரைக்கு ஏறினால் ராத்திரிக் கடை சாத்துகிற வரைக்கும் கல் தரை, மெத்தை, கல் தரை. மெத்தையில் நின்று விரிக்க வேண்டும், திரும்பி அலமாரிக்கு நடக்க வேண்டும், குனிந்து மடிக்க வேண்டும். ஆமா. இது நடுப்பாதம், நன்றாகவே தெரிந்தது. அந்த மெத்தையில் எப்போதும் குண்டூசி கிடக்கும். விலைச்சீட்டைப் புடவையில் குத்தியிருக்கிற குண்டூசி, பிரிக்கும்போது தெறித்து விழும். நாளுக்கு ஒருத்தன் ஆவென்று ஒற்றைக் காலில் குதிப்பான், மற்றவர்கள் சிரிப்போம், வாங்க வந்த அம்மாக்களும் சிரிப்பார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், அன்றைக்கு எனக்குச் சீக்கிரமே லீவு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் நடக்கிறேன், டக், டக் என்று ஒரு சத்தம். நின்றால் நிற்கிறது. நடந்தால் டக். டைல்ஸ் தரையில் யாரோ விரலால் தட்டுகிற மாதிரி. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே, குண்டூசி சாய்வாக முழுசும் இறங்கியிருந்தது. தலை மட்டும் வெளியே பளபளவென்று. கடையில் எத்தனை மணிக்கு ஏறியதோ, எத்தனை புடவையை அதன் மேல் நின்று விரித்தேனோ. நான் ஆவென்று ஒரு தடவைகூடக் கத்தவில்லை. பிடுங்கிக் கழிவுநீர்க் குழியில் போட்டுவிட்டு, குழாயை வேகமாகத் திறந்துவிட்டேன். என்ன இவ்வளவு நேரம் என்று பொற்கொடி கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமே இல்லை, அதுதான் பயம். வலித்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வலிக்கலடா தம்பி என்றுதானே நாகலிங்கம் அண்ணனும் சொன்னது. சத்தியமா வலிக்கல, அதான் எனக்குத் தெரியாமப் போச்சு என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, தப்புச் செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தது. தப்பு அண்ணன் செய்ததா? செங்கல்லைச் சொன்னவன் நான். எனக்குக் குதிகால் வலி வரும்போதெல்லாம் செய்கிற வைத்தியம்தான், ஒரு செங்கல்லை அடுப்பில் சுட வைத்து, மேலே இரண்டு எருக்கிலையைப் போட்டு, அதன் மேல் குதிகாலை வைத்து வைத்து எடுப்பது. சுடும், சுரீரென்று எடுத்துக்கொள்வேன், மறுபடி வைப்பேன். இரண்டு மூன்று நாளில் வலி மட்டுப்படும். அண்ணன் திண்டுக்கல்லிலிருந்து போனில், பாதமெல்லாம் ஏதோ பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குடா என்றபோது, நான்தான் பெரிய மனிதன் மாதிரி, "ஒரு செங்கல்லச் சுட வச்சு மிதிண்ணே, ரெண்டே நாள்ல சரியாப் போயிரும்" என்றேன். அண்ணன் மிதித்தது. எடுக்கவே இல்லை. சுகமா இருக்கே என்று நினைத்துக்கொண்டு டிவி பார்த்தபடி அப்படியே வைத்திருக்கிறது. அடுக்களையில் இருந்த மருமகள்தான் என்னமோ பொசுங்குற வாடை வருதே மாமா என்று ஓடி வந்தாளாம். அந்த வாடை என் மூக்குக்கு வந்ததே இல்லை, நான் மதுரையில் இருந்தேன், ஆனாலும் நான்கு வருஷமாக அந்த வாடையோடுதான் இருக்கிறேன். கொப்புளம் புண்ணானது, புண் கறுத்தது, இரண்டாவது மாதம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தை நீட்டியபோது அண்ணன் மகன் அதை என் பக்கம் தள்ளினான், நான் வாங்கிப் போட்டேன். வைத்தியம் சொன்னவனே வெட்டவும் கையெழுத்துப் போட்டாயிற்று. அண்ணன் ஒரு நாள்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. செங்கல் என்னடா பண்ணும், எல்லாம் இந்தச் சக்கரை பண்ணின வேலை என்றுதான் சொல்லும். அது அப்படிச் சொன்னால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். எனக்கும் ஒன்பது வருஷமாகச் சக்கரை. குண்டூசியைப் பிடுங்கிய அன்றைக்கு எனக்கு முதலில் தோன்றியது, சரி, என் முறை வந்துவிட்டது என்பதுதான். வரவேண்டியதுதானே என்றும் தோன்றியது. ஆமாங்க.

"ஐயா" என்றாள் டாக்டரம்மா. "நான் இன்னும் வைக்கவே இல்லையே." கண்ணைத் திறந்துவிட்டேன். இழை அவள் கையில் அந்தரத்தில் இருக்கிறது, பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில். எனக்குக் காது மடல் சுட்டது. பித்தலாட்டம் பண்ணிப் பிடிபட்டவன் மாதிரி ஆகிவிட்டது. நான் வேண்டுமென்று சொல்லவில்லை, அண்ணனை நினைத்துக்கொண்டிருந்தேன், சத்தம் எதுவும் வராமல் கொஞ்ச நேரம் போனது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. இது கடைப்புத்தி. எதிரில் இருக்கிறவர்கள் பேசி முடிப்பதற்குள் ஆமாங்க என்று சொல்லிவிட வேண்டும், அதுதான் முப்பத்தியொரு வருஷமாக நான் சாப்பிடுகிற சோறு. இந்தக் கலர் கொஞ்சம் அடிக்குதோ? ஆமாங்க, இதை விடுங்க, இதைப் பாருங்க. இல்ல, இதுதான் எடுப்பா இருக்கு. ஆமாங்க, உங்க நிறத்துக்கு இதுதான். ஒரு தடவை ஒரு அம்மா, இது பச்சையா நீலமா என்று கேட்டதற்கு ஆமாங்க என்றேன், அவரும் ஒத்துக்கொண்டு எடுத்துப்போனார். கடையில் பில் போடுகிறவன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான். டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன், வாய்விட்டுச் சிரித்தாள், ஆனால் சிரித்து முடித்துவிட்டு, "இங்க எனக்கு மனசு கோணக்கூடாதுன்னு ஆமா போட்டுறாதீங்க. எனக்கு உங்க கால்தான் பதில் சொல்லணும். நடுநடுவுல தொடாமலும் இருப்பேன், அப்பத்தான் எனக்குத் தெரியும்" என்றாள். மறுபடி கண்ணை மூடினேன். இனிமேல் பட்டால் மட்டும்தான் பேசுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இடது கால் ஒழுங்காகப் பேசியது, ஆமா, ஆமா, ஆமா. வலது கால். கட்டைவிரல் ஆமா. நடு ஆமா. பிறகு ஒன்றும் இல்லை. சரி, தொடாமல் இருக்கிறாள், சோதிக்கிறாள். ஒன்றும் இல்லை. மின்விசிறி ஓடுகிறது, வெளியே யாரோ டோக்கன் நம்பர் கேட்கிறார்கள், பொற்கொடியின் இருமல் கேட்கிறது, அது எனக்கு எங்கிருந்தாலும் தெரியும். ஒன்றும் இல்லை. இவ்வளவு நேரமா தொடாமல் இருப்பாள்? சொல்லிவிடலாமா, ஆமா என்று ஒரு வார்த்தை, சொல்லிவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். "கண்ணத் திறங்கய்யா" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "கட்டைவிரலுக்குக் கீழ மூணு தடவ வச்சு எடுத்தேன்."

குண்டூசி இறங்கிய அதே இடம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவளோ என் பாதத்தைத் திருப்பி விளக்கை இழுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் ஜரிகையைத் திருப்பிப் பார்ப்பேனே அந்த மாதிரி, அவசரமே இல்லாமல். பெருவிரலால் ஒரு அழுத்து, ஒரு தடவல். "இங்க எத்தன வருசமா காய்ப்பு இருக்கு?" என்றாள். எனக்கு என்ன தெரியும், அது எப்போதும் இருப்பது, தரையைத் தேய்த்துத் தேய்த்து அந்த இடம் மாட்டுக் குளம்பு மாதிரி ஆகிவிட்டது. தீபாவளிக்கு முன்னால் கூட்டம் ஆரம்பித்தால் தடித்துவிடும், கூழாங்கல்லை மிதித்துக்கொண்டு நிற்கிற மாதிரி வலிக்கும், ஞாயிற்றுக்கிழமை சவரப் பிளேடை எடுத்து நானே சீவிக்கொள்வேன். இதைச் சொன்னதும் டாக்டரம்மாவுக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. "சக்கர இருக்குன்னு தெரிஞ்சுமா பிளேட எடுத்தீங்க? அண்ணனுக்குக் கால் எடுத்திருக்குன்னு சீட்டுல எழுதியிருக்கீங்க, அப்புறமுமா?" எப்படிச் சொல்வது, பயந்தவன் டாக்டரிடம் போகமாட்டான் அம்மா, பயந்தவன் கதவைச் சாத்திக்கொண்டு பிளேடைத்தான் எடுப்பான். அவள் உறை பிரித்துப் புதுக் கத்தி ஒன்றை எடுத்தாள், பேனா மாதிரிப் பிடித்தாள், ஸ்பிரிட் வாடை அடிக்கிற மருந்தால் துடைத்தாள், சீவ ஆரம்பித்தாள். வலிக்கும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். வலிக்கவில்லை. அட, வலிக்கவில்லையே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டு, வலிக்கவில்லை என்றால் கெடுதல் ஆயிற்றே என்று அடுத்த நொடி நடுங்கினேன், எதற்குச் சந்தோஷப்படுவது எதற்குப் பயப்படுவது என்றே இந்தக் கால் விஷயத்தில் எனக்குப் பிடிபடவில்லை. தேங்காய்ப் பத்தை சீவின மாதிரி மெல்லிசு மெல்லிசாக, மஞ்சள் மஞ்சளாகத் தட்டில் விழுகிறது. விழுந்துகொண்டே இருக்கிறது. இவ்வளவையுமா நான் என் காலென்று நினைத்து நடந்துகொண்டிருந்தேன்? அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ பிடி விட்டுப்போனது, குண்டூசி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக யாருக்கும் சொல்லாததை, டக் டக் சத்தம் உட்பட. அவள் கத்தியை நிறுத்தினாள். "எந்த எடம்?" "இப்ப நீங்க சீவுற எடம்தான்." "ரத்தம் வந்துச்சா?" யோசித்தேன். வரவில்லை. ஒரு பொட்டு இல்லை. "எப்படி வரும்?" என்று அவள் தட்டைத் தூக்கிக் காட்டினாள். "இதுக்குள்ளயேதான் சாஞ்சு ஓடியிருக்கு. இது செத்த தோலு. நகம் மாதிரி. நகத்த வெட்டுனா வலிக்குதா? உங்க குண்டூசி உங்ககிட்ட வந்து சேரவே இல்லய்யா."

உங்ககிட்ட வந்து சேரவே இல்லை. அந்த வாக்கியத்தை நான் பிடித்துக்கொண்டேன், ஆனால் நம்பவில்லை, இன்னும் நம்பவில்லை, வாங்க வந்தவர்களிடம் நானும் எத்தனையோ வாக்கியம் சொல்லியிருக்கிறேன். "மறுபடி வச்சுப் பாப்பமா? ரொம்ப உள்ள போகல, தோல் மட்டம் வரைக்கும்தான் சீவியிருக்கேன்" என்றாள். கண்ணை மூடினேன். சாமி எதையும் கூப்பிடவில்லை, கூப்பிடத் தோன்றவில்லை, அந்த ஒரு ரூபாய் அகலத்துக்கு இருக்கிற இடத்தை மட்டும் நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஒன்றும் இல்லை. பேசாமல் இரு, தெய்வநாயகம், வாயைத் திறக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றும் இல்லை. இருமல் சத்தம்கூட நின்றுவிட்டது. பிறகு வந்தது. எறும்பு இல்லை, அதைவிடத் தெளிவாக, சுருக்கென்று, கூசிக்கொண்டு, புதுத்தோல் பட்டதும் பாதமே துள்ளியது, ஆமாம்மா, ஆமாம்மா என்று இரண்டு தடவை சொன்னேன், குரல் உடைந்துவிட்டது. "இப்ப?" சும்மா இருந்தேன், அவள் தொடவில்லை, எனக்குத் தெரியும், தொடவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது. "இப்ப?" ஆமா. "சபாஷ்" என்றாள். பிறகு புறங்காலில் பசை தடவி ஒரு சின்னக் கருவியை வைத்தாள், புஸ்ஸு, புஸ்ஸு என்று அறை முழுக்கச் சத்தம், பக்கத்து வீட்டில் மோட்டார் தண்ணீர் இழுக்கிற மாதிரி. "இது ரத்தம் ஓடுற சத்தம். ரெண்டு கால்லயும் நல்லா ஓடுது." கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. இன்னொரு தடவை வைங்கம்மா என்றேன், வைத்தாள். கடைசியாகக் குதிகாலைப் பிடித்து உள்பக்கம் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள் பாருங்கள், அம்மாடி என்று கட்டடமே கேட்கிற மாதிரிக் கத்திவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வலிக்குதா?" உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. அப்படி ஒரு வலி. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு, "வலிக்குதும்மா, இன்னொருக்கா அமுக்குங்க" என்றேன்.

வெறும் குதிகால் வலிதானாம். பாதத்துக்கு அடியில் ஒரு பட்டை மாதிரி சவ்வு ஓடுகிறதாம், நாள் முழுக்க வெறுங்காலோடு கல் தரையில் நின்றால் அது குதிகாலில் போய்ப் பிடித்துக்கொண்டு இழுக்கும், காலையில் முதல் அடி வைக்கும்போது உயிர் போகும், நடக்க நடக்கக் குறையும். ஊரில் பாதிப்பேருக்கு இருப்பதுதான். ஊரில் பாதிப்பேருக்கு இருக்கிற ஒன்று எனக்கும் இருக்கிறது என்று கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. பாதத்தை ஒரு கண்ணாடிப் பலகையில் ஏற்றி நிற்க வைத்து அடியில் படம் எடுத்தாள். கட்டைவிரலுக்குக் கீழேயும் குதிகாலிலும் சிவப்பாக இருக்கிறது, பாரமெல்லாம் அங்கேதான் இறங்குகிறதாம், அதற்குத் தக்க மாதிரி குழைவான செருப்பு ஒன்று செய்து தருவார்களாம். குதிகாலைச் சுற்றிப் பட்டையாக ஒரு பிளாஸ்திரி ஒட்டினாள், சுவரில் கையை ஊன்றிக் கெண்டைக்காலை இழுத்து விடுவது எப்படி என்று அவளே நின்று காட்டினாள், தண்ணீர் பாட்டிலை ஐஸாக்கிக் காலுக்கடியில் உருட்டச் சொன்னாள். சூடு வேண்டாம், பிளேடு வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். "அந்தச் செருப்ப வீட்டுக்குள்ளயும் போடணும், கடையிலயும் போடணும்." சமையல்கட்டு வரைக்கும் செருப்புக்காலோடா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, பொற்கொடி விளக்கேற்றுகிற வீடு. முதலாளியை நினைத்தேன். பட்டு மெத்தைக்கு மேல் செருப்பா என்பார். மெத்தைக்குக் கீழே நிற்கிறேன், விரிக்கிற வேலையைச் சின்னவர்கள் பார்க்கட்டும் என்பேன். சொல்ல முடியும் என்று தோன்றியது, நேற்று வரைக்கும் தோன்றவில்லை. இறங்குவதற்கு முன்னால் கேட்டுவிட்டேன், யாரோ ஒருத்தரைப் பற்றிக் கேட்கிற மாதிரி, ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கும். "செங்கல் ஒத்தடத்தாலதான் ஒருத்தருக்குக் கால் போகுமாம்மா?" கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டாள். "புண்ணு அதுலதான் வந்திருக்கும், இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா சூடு தெரியாமப் போனது செங்கல்லுக்கு ரொம்ப வருசம் முந்தியே. அப்ப யாராச்சும் ஒருத்தர் அவர் காலத் தொட்டுப் பாத்திருக்கணும்." அதில் பாதி என்னைக் குத்தியது, பாதி என்னைத் தூக்கிவிட்டது. இரண்டையும் வைத்துக்கொண்டேன், எனக்கு இரண்டும் சேரவேண்டியதுதான். பலகையிலிருந்து இறங்கித் தரையில் கால் வைத்தேன். குதிகால் வலித்தது, முன்பாதம் லேசாக, கூழாங்கல்லை யாரோ எடுத்துவிட்ட மாதிரி. தரை சில்லென்று இருந்தது. தரை சில்லென்று இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்ததும் பொற்கொடி எழுந்துவிட்டாள். நான் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்கிறது, முகம் வெளுத்துப்போய், பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்ல, குதிகால் வலிதான், கால் நல்லா இருக்காம், ரத்தம் ஓடுற சத்தத்தயே கேட்டேன்" என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது, குண்டூசியையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "எனக்குத் தெரியும், உங்களுக்கு உணர்ச்சி இருக்குன்னு" என்றாள். எப்படித் தெரியும்?

"உங்க அண்ணனுக்குக் கால எடுத்த மறுநாள்லேருந்து பாக்குறேன்" என்றாள், என்னைப் பார்க்காமல், பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டு. "காலைல வாசத் தெளிக்க எந்திரிக்கும்போது, நீங்க தூங்கிக்கிட்டிருப்பீங்கள்ல, ரெண்டு உள்ளங்காலயும் நகத்தால லேசா கீறிப் பாப்பேன். வெடுக்குன்னு இழுத்துக்குவீங்க. இழுத்துட்டீங்கன்னா அன்னிக்கு ஒரு நாள் நிம்மதி. அப்புறம்தான் வாசலுக்குப் போவேன்."

நான்கு வருஷம். எத்தனை விடியற்காலை என்று கணக்குப் பார்க்கப் போனேன், முடியவில்லை. நான் பயத்தைத் தனியாகச் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன், காலடியில் இவள் தினமும் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இப்படிப் பிடித்ததே இல்லை, அவளும் விடுவித்துக்கொள்ளவில்லை. "அதான் டாக்டரே பாத்துச் சொல்லிட்டாங்கள்ல. இனிமே நீ நிம்மதியா எந்திரிச்சுப் போ" என்றேன்.

"நல்லாருக்கே" என்றாள் பொற்கொடி. "அவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவதான பாப்பாங்க?"